கரிசல் நிலத்தின் பூச்சிமருந்தும் மனிதனின் நரம்பு மண்டலமும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமியில் 'மருந்து' என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. நோய் தீர உட்கொள்வது மருந்து. பருத்தியிலும் மிளகாயிலும் மக்காச்சோளத்திலும் பூச்சியைக் கொல்லத் தெளிப்பதும் மருந்தே. 'மருந்தடிக்கப் போயிருக்கிறார்' என்றால் அவர் புஞ்சையில் உழைக்கிறார் என்பது பொருள். 'மருந்தைக் குடித்துவிட்டார்' என்றால் அவர் உயிருக்குப் போராடுகிறார் என்பது பொருள். சிற்றூர்ச் சேகரங்களில் பணிபுரியும் ஆயர்களும் உபதேசியார்களும் இவ்விரண்டாம் செய்தியை எந்நேரத்திலும் கேட்க நேரிடுகிறது. பல வேளைகளில் மருத்துவருக்கு முன்னரே ஆயர் அழைக்கப்படுகிறார்.

அந்த வேளையில் நாம் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதை அறிய வேண்டுமானால், அந்நஞ்சு மனித உடலில் எதைத் தாக்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அது தாக்குவது நரம்பு மண்டலத்தை. ஆகவே நரம்பு மண்டலம் எவ்வாறு அமைந்துள்ளது, எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கரிசல் நிலத்தின் இந்தத் துயரத்தை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நரம்புகளின் பணி செய்தியை அனுப்புவது என்று நாம் பள்ளியில் கற்றோம். அனுப்பிய செய்தியை உரிய நேரத்தில் நிறுத்துவதும் அதே அளவு இன்றியமையாத பணி என்பதை இந்நஞ்சு நமக்குக் காட்டுகிறது.

1. கரிசலும் நஞ்சும்

கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் தேக்கிவைக்கும் இயல்புடையது. ஆதலால் ஆற்றுப் பாசனம் இல்லாத இப்பகுதியில், வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் விதைக்கும் மானாவாரி வேளாண்மை வேரூன்றியது. பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, மல்லி, மிளகாய் ஆகியவை இம்மண்ணின் பயிர்கள். கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது என்பது இப்பகுதிப் பருத்திக்கு இருந்த மதிப்பைக் காட்டும்.

முன்னோர் விளைவித்த கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி வகைகள் சாறு உறிஞ்சும் பூச்சிகளை ஓரளவு தாங்கி நின்றன. நீண்ட இழையுடைய புதிய வகைகளும் வீரிய ஒட்டு வகைகளும் பரவியபோது பூச்சிமருந்தின் தேவையும் உடன் வளர்ந்தது. 2018-ஆம் ஆண்டு முதல் படைப்புழு நம் நாட்டின் மக்காச்சோளத்தைத் தாக்கத் தொடங்கியதால், அப்பயிருக்கும் தெளிப்பு மிகுந்தது. மழை பொய்த்தால் கடன் மட்டுமே மிஞ்சும் இந்நிலத்தில், கடனும் நஞ்சும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன என்பதை நாம் மறத்தலாகாது.

இந்நஞ்சுகளுள் மிகவும் கருதத்தக்கவை கரிம பாஸ்பரஸ் சேர்மங்கள். 1930-களில் ஜெர்மானிய வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிகளைக் கொல்லும் பொருள்களைத் தேடியபோது இவ்வகைச் சேர்மங்கள் பலவற்றை உருவாக்கினார். 1936-இல் அவர் கண்ட டாபுன் போருக்குரிய நச்சுப் பொருளாயிற்று. பின்னர் உருவான பாரத்தியான் வயலுக்கு வந்தது. மனிதரைக் கொல்லும் படைக்கருவியும் பூச்சியைக் கொல்லும் மருந்தும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை. பாரத்தியானின் வணிகப் பெயர்களுள் ஒன்றான 'பாலிடால்' என்பது நம் சிற்றூர்களில் எல்லாப் பூச்சிமருந்துக்கும் பொதுப் பெயராகவே ஒரு காலத்தில் வழங்கிற்று. 1958-ஆம் ஆண்டு இந்நஞ்சு கலந்த கோதுமை மாவினால் கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் எழுந்த விசாரணைகளின் தொடர்ச்சியாகவே 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது.

2. நரம்பு மண்டலத்தின் அமைப்பு

நரம்பு மண்டலத்தை அறிஞர் இரு பெரும் பிரிவுகளாகப் பகுப்பர். மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அவற்றிலிருந்து உடலெங்கும் கிளைத்துச் செல்லும் நரம்புகள் புற நரம்பு மண்டலம். மூளையோடு இணைந்தவை 12 இணை நரம்புகள். தண்டுவடத்தினின்று புறப்படுபவை 31 இணை நரம்புகள்.

மூளையின் பெரும்பகுதியான பெருமூளை, உணர்தல், நினைத்தல், பேசுதல், தீர்மானித்தல் ஆகியவற்றிற்கு இருப்பிடம். சிறுமூளை உடலசைவுகளை ஒழுங்குபடுத்துகிறது. இவற்றின் கீழே தண்டுவடத்தோடு இணையும் மூளைத்தண்டின் அடிப்பகுதி முகுளம். நாம் உறங்கும்போதும் மூச்சு நிற்காதிருப்பதற்கு முகுளத்தின் இடைவிடாத கட்டளையே காரணம். உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் 2 பங்கே உள்ள மூளை, உடல் ஓய்ந்திருக்கையில் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 பங்கைத் தனக்கெனப் பெறுகிறது. சில நிமிடங்கள் உயிர்வளி கிட்டாவிடினும் அது அழியத் தொடங்குவது இதனாலேயே.

புற நரம்புகளுள் சில, தோல், கண், செவி முதலியவற்றின் உணர்வுகளை மையத்திற்குக் கொண்டுசெல்கின்றன. சில, மையத்தின் கட்டளைகளைத் தசைகளுக்குக் கொணர்கின்றன. கையை நீட்டுவதும் மண்வெட்டியைப் பிடிப்பதும் இவற்றால் நிகழ்வன. இவை தவிர, நம் விருப்பத்தைக் கேளாமலே இயங்கும் தன்னியக்க நரம்புகளும் உண்டு. அவற்றுள் பரிவு நரம்புகள் ஆபத்து வேளையில் இதயத்தை விரைவுபடுத்தி, கண்மணியை விரித்து, உடலை ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தப்படுத்துகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகள் இதயத்தைத் தணித்து, கண்மணியைச் சுருக்கி, உமிழ்நீரையும் செரிமான நீரையும் சுரக்கச் செய்து, உடலை ஓய்வுக்கும் உணவுக்கும் உரியதாக்குகின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து நிற்பதே உடல்நலம்.

3. செய்தி செல்லும் வழி

நரம்பு மண்டலத்தின் அடிப்படை அலகு நரம்புச் செல். மனித மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன என்று கணக்கிட்டுள்ளனர். ஒவ்வொரு செல்லினின்றும் நீண்டதோர் இழை புறப்படுகிறது. தண்டுவடத்தினின்று பாதம்வரை செல்லும் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. அவ்விழையின் வழியே செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது. மிக விரைவான நரம்புகளில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர்.

ஆயினும் ஓர் இழை அடுத்த செல்லைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. இவ்விடைவெளியை மின்துடிப்பு கடப்பதில்லை. இழையின் முனையினின்று வேதிப்பொருள் ஒன்று வெளிப்பட்டு, மறுகரையிலுள்ள ஏற்பிகளில் சென்று பொருந்திச் செய்தியை ஒப்படைக்கிறது. இதனை ஆய்ந்து நிறுவியவர் ஆட்டோ லோவி. 1921-ஆம் ஆண்டு அவர் தவளை இதயம் ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணியச் செய்தார். பின்பு அவ்விதயம் இருந்த நீரை எடுத்து வேறோர் இதயத்தில் இட்டார். நரம்பு தூண்டப்படாத அவ்விதயமும் தணிந்தது. நரம்பினின்று ஏதோ ஒரு பொருள் வெளிப்பட்டு நீரில் கலந்தது என்பது இதனால் தெளிவாயிற்று. அப்பொருளே அசிட்டைல்கோலின். இத்துறையில் உழைத்த ஹென்றி டேலும் லோவியும் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எதிர்ப்பரிவு நரம்புகள் தம் உறுப்புகளோடு பேசுவதும், கட்டளை நரம்புகள் தசைகளோடு பேசுவதும், மூளையின் சில பகுதிகள் தம்முள் பேசுவதும் அசிட்டைல்கோலினாலேயே. வியர்வைச் சுரப்பிகளுக்குச் செல்பவை பரிவு நரம்புகளாயினும் அவையும் இதனையே பயன்படுத்துகின்றன.

4. நிறுத்தும் பணி

கண்மாயின் மடையைத் திறக்கத் தெரிந்தால் போதாது, அடைக்கவும் தெரிய வேண்டும்; இல்லையேல் பயிர் அழுகும். அசிட்டைல்கோலின் தன் செய்தியை ஒப்படைத்தவுடன் அவ்விடத்தினின்று அகற்றப்பட வேண்டும். அகற்றுவது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. அந்நொதியின் ஒரு மூலக்கூறே ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளைச் சிதைக்கவல்லது. அதனால்தான் ஒரு தசை சுருங்கிய மறுகணமே தளர்ந்து, அடுத்த கட்டளைக்கு ஆயத்தமாகிறது.

கரிம பாஸ்பரஸ் நஞ்சு இந்நொதியைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்குகிறது. பூச்சியிலும் மனிதனிலும் நிகழ்வது ஒன்றே. செய்தி வருவது நிற்கவில்லை. வந்த செய்தி அகலுவது நின்றுவிடுகிறது. இடைவெளிகளில் அசிட்டைல்கோலின் பெருகி, உறுப்புகள் ஓயாத கட்டளைக்கு ஆளாகின்றன. இறுதியில் தசைகள் கட்டளையை ஏற்கும் திறனையே இழந்து சோர்கின்றன. நஞ்சின் பிடி நாழிகை செல்லச்செல்ல இறுகுகிறது. இறுகிய நொதியை மீட்க இயலாது. உடல் புதிய நொதியைப் படைத்துக்கொள்ள வாரங்கள் ஆகும்.

நோயாளியிடம் காணும் அறிகுறிகள் நாம் மேலே கண்ட அமைப்பையே பின்பற்றுகின்றன. முதலாவது, எதிர்ப்பரிவு நரம்புகள் மிகுதியாகத் தூண்டப்படுவதால் கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கும். கண்ணீரும் உமிழ்நீரும் வழியும். வாந்தியும் பேதியும் உண்டாகும். உடல் வியர்வையால் நனையும். இதயத் துடிப்பு குறையும். நுரையீரலுள் நீர் சுரந்து மூச்சை அடைக்கும். இரண்டாவது, தசைகள் தோலின்கீழ்ப் புழு நெளிவதுபோல் துடித்து, பின்பு வலுவிழக்கும். மூன்றாவது, மூளை தாக்கப்படுவதால் குழப்பமும் வலிப்பும் நினைவிழப்பும் ஏற்பட்டு, முகுளத்தின் கட்டளை தடைப்பட்டு மூச்சு நிற்கும். நுரையீரல், மூச்சுத் தசை, முகுளம் ஆகிய மூன்று இடங்களிலும் தாக்கப்படுவது மூச்சே.

இந்நஞ்சு வாய்வழி மட்டுமன்றித் தோல்வழியும் உட்செல்லும். வெறும் மேனியோடு, காற்றுக்கு எதிரே தெளிக்கும் கூலித் தொழிலாளியின் தலைவலியும் மயக்கமும் கண்மங்கலும் மிகுந்த வியர்வையும் வெயிலின் விளைவு என்றே பலராலும் கருதப்படுகின்றன. 2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மாலில், நமது நிலத்தைப் போன்றே கரிசல் பருத்தி நிலத்தில், பூச்சிமருந்து தெளித்தவர்களுள் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தெளித்தவரின் கண்மணி சிறுத்திருந்தால் அவரை மர நிழலில் படுக்கவைப்பது போதாது; மருத்துவமனைக்கே கொண்டுசெல்ல வேண்டும்.

5. முதல் ஒரு மணி நேரம்

ஆயர் மருத்துவரல்லர். எனினும் அங்கே கூடியிருப்போர் அவர் சொல்லுக்குச் செவிகொடுப்பர். ஆதலால் அவர் அறியவேண்டியவை சில உண்டு.

வாந்தி எடுக்கவைக்க உப்புநீரோ சாணக் கரைசலோ புகட்டுவது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். இதனை உறுதியாகத் தடுத்தல் வேண்டும். நினைவு குறைந்தவரின் வாயில் ஊற்றப்படுவது நுரையீரலுள் சென்று அவரைக் கொல்லும். நோயாளியை இடப்புறமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயிலுள்ளதை வழியவிட வேண்டும். நஞ்சு பட்ட உடைகளைக் களைந்து, உடலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். கழுவுவோர் தம் கைகளைக் காத்துக்கொள்ள வேண்டும். உடனே 108 ஊர்தியை அழைத்து, மருந்துப் புட்டியையும் அதன் சீட்டையும் உடன் அனுப்ப வேண்டும். சீட்டிலுள்ள முக்கோணம் சிவப்பாயின் அது மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என அது படிப்படியாகக் குறையும். ஆயினும் பச்சை முக்கோணத்தைக் கண்டு எவரும் காத்திருத்தல் ஆகாது.

மருத்துவமனையில் அளிக்கப்படும் முதன்மையான மருந்து அட்ரோபின். இது நம் ஊர் ஊமத்தையும் உள்ளிட்ட செடிக் குடும்பத்தினின்று பெறப்பட்டது. அசிட்டைல்கோலினை எதிர்ப்பரிவு ஏற்பிகளில் பொருந்தவிடாது தடுத்து, நுரையீரலை உலர்த்தி, இதயத்தை விரைவுபடுத்துகிறது. இதனைக் கேள்வியுற்று வீட்டில் ஊமத்தையைப் புகட்டத் துணிவது மற்றொரு நஞ்சூட்டலே. அதன் அளவை நிமிடந்தோறும் மருத்துவரே அறிந்து கூட்டிக் குறைக்க முடியும். நொதியை மீட்கும் நோக்குடன் பிராலிடாக்சிம் என்னும் மருந்தும் கொடுக்கப்படுவதுண்டு. அதன் பயன்பற்றி மருத்துவரிடையே ஒருமித்த கருத்தில்லை. தசைகளிலுள்ள ஏற்பிகளில் அட்ரோபின் வேலை செய்வதில்லை. ஆகவே மூச்சுத் தசைகள் சோர்ந்தால் செயற்கை மூச்சுக் கருவி ஒன்றே துணை. இது நரம்பு அமைப்பினின்று நேரே பெறப்படும் உண்மை.

6. தேறியதுபோல் தோன்றும் நாள்கள்

1987-ஆம் ஆண்டு இலங்கை மருத்துவர்களான நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் தாம் கண்ட பத்து நோயாளிகளைப்பற்றி எழுதினர். இவர்கள் முதல் நெருக்கடியினின்று தப்பியவர்கள். ஆயினும் நஞ்சுண்ட 24 முதல் 96 மணி நேரத்திற்குள் கழுத்துத் தசைகளும் கைகால்களின் மேற்பகுதித் தசைகளும் மூச்சுத் தசைகளும் திடீரெனத் தளர்ந்தன. இதனை 'இடைநிலை நோய்க்குறி' என்று அவர்கள் பெயரிட்டனர்.

ஆயருக்கு இது மிக முக்கியமான செய்தி. இரண்டாம் நாள் நோயாளி கண்விழித்துப் பேசுகிறார். குடும்பத்தார் செலவுக்கும் ஊர்ப்பேச்சுக்கும் அஞ்சி அவரை வீட்டிற்கு அழைத்துச்செல்ல விரும்புகின்றனர். அவ்விருப்பத்தை ஆதரிக்கும்படி ஆயரை வேண்டுகின்றனர். அவ்வேளையில் ஆயர் அவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும். தலையணையினின்று தலையைத் தூக்க இயலாமை இந்நோய்க்குறியின் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. படுக்கையருகே ஜெபிக்கச் செல்பவர் இதனைக் கண்டு செவிலியரிடம் அறிவித்தால் ஓர் உயிர் காக்கப்படக்கூடும்.

வழக்கு வரும் என்னும் அச்சத்தால் நடந்ததை மறைப்பாரும் உளர். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும் எனவும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை எனவும் கூறுகிறது. முயற்சியைத் தண்டித்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. இதனைக் குடும்பத்தாருக்கு எடுத்துரைப்பதும் ஆயர் பணியே.

7. கைக்கெட்டும் தூரம்

சாகத் துணிந்தவர் எவ்வாறேனும் சாவார் என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. இலங்கையின் அனுபவம் அதனை மறுக்கிறது. அந்நாட்டில் 1995-ஆம் ஆண்டையொட்டித் தற்கொலை வீதம் உச்சத்தை அடைந்திருந்தது. அவ்வாண்டிலும் அதன் பின்னரும் மிகக் கொடிய பூச்சிமருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்யப்பட்டன. இருபது ஆண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. நஞ்சுண்டோர் அந்த அளவிற்குக் குறையவில்லை. உண்டும் பிழைத்தோர் பெருகினர். ஒரு நாழிகையின் கொந்தளிப்பில் செய்யப்படும் செயல் அது என்பதும், தப்பியவர்களுள் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியில் மடிவதில்லை என்பதும் தெளிவு.

எந்த வழி பயன்தரும் என்பதிலும் நாம் நேர்மையோடு இருத்தல் வேண்டும். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 180 சிற்றூர்களில், வீடுதோறும் பூட்டுடைய பெட்டிகள் கொடுத்துச் செய்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. அதனால் நஞ்சுண்ணல் குறையவில்லை. பூட்டும் சாவியும் ஒரே வீட்டில் இருந்தன போலும். தமிழகத்தில் காட்டுமன்னார்கோயில் பகுதியில் மருந்துகளை வீட்டிற்கு வெளியே பொது இடத்தில் வைக்கும் முயற்சி நம்பிக்கையளித்தது. ஆயினும் அது சிறிய அளவிலேயே ஆராயப்பட்டது. கொடிய நஞ்சைச் சந்தையினின்றே அகற்றுவது உறுதியான பலன் தந்த வழி. இந்திய அரசு மோனோகுரோட்டோபாஸ் என்னும் கொடிய பூச்சிமருந்தைத் தடைசெய்யும் ஆணையை 2023-இல் பிறப்பித்தது. 2013-ஆம் ஆண்டு பீகாரில் பள்ளி மதிய உணவின் வழியாக 23 குழந்தைகளைக் கொன்ற நஞ்சு இதுவே.

8. ஆயர் பணிக்குரிய சில சிந்தனைகள்

பழைய ஏற்பாட்டில் 'ஆத்துமா' என்று மொழிபெயர்க்கப்படும் நெஃபெஷ் என்னும் எபிரேயச் சொல், தொண்டை, மூச்சு, உயிர், ஆள் என்னும் பொருள்களையும் தரும் என்பதை இறையியல் மாணவர் அறிவர். ஆத்துமாவை ஒருபுறமும் மூச்சை மறுபுறமும் வைத்துப் பிரித்துப் பார்ப்பது அச்சொல்லுக்கு ஒவ்வாது. மூச்சுத் தசைக்கும் முகுளத்திற்கும் நேர்வதைப்பற்றிக் கவலைகொள்வது ஆத்தும பராமரிப்புக்குப் புறம்பானதன்று.

1662-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொது ஜெப நூல், தம் உயிரைத் தாமே மாய்த்தோருக்கு அடக்க ஆராதனை முறையைப் பயன்படுத்தலாகாது என்று விதித்தது. அவ்விதியின் நிழல் நம் சபைகள் சிலவற்றில் இன்னும் நீங்கவில்லை. கடனும் மதுவும் குடும்பச் சச்சரவும் ஒரு மனிதனை நெருக்கிய நாழிகையில் கொடிய நஞ்சு அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்நாழிகையைக்கொண்டு அவன் வாழ்நாள் முழுவதையும் தீர்ப்பிடுவது தகுமா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிழைத்து வந்தவரைச் சபை எங்ஙனம் வரவேற்கிறது என்பது அதனினும் பெரிய கேள்வி. அவரை ஒறுப்பதோ அவர்பால் மௌனம் காப்பதோ அவரை மீண்டும் தனிமையில் தள்ளும்.

சேகரங்களில் உடனே செய்யத்தக்கவை சில உள. விதைப்புக்குப் பின் தெளிப்புக் காலம் தொடங்குமுன் ஆண்கள் ஐக்கியக் கூட்டத்திலும் பெண்கள் ஐக்கியக் கூட்டத்திலும் அரசு மருத்துவர் ஒருவரையும் வேளாண் அலுவலர் ஒருவரையும் பேசச் செய்யலாம். தேவைக்கு மேல் மருந்து வாங்கி வீட்டில் வைக்கும் வழக்கத்தையும், காலிப் புட்டிகளில் எண்ணெயும் நீரும் வைக்கும் வழக்கத்தையும் கைவிடச் செய்யலாம். மழை பொய்த்த ஆண்டில் கடன்பட்ட வீடுகளைத் தவணை நாளுக்கு முன்னரே சந்திக்கலாம். சாவைப்பற்றிப் பேசுபவரிடம், 'சாகவேண்டும் என்று எண்ணுகிறீர்களா?' என்று நேராகக் கேட்கலாம். அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தை விதைப்பதில்லை. பகலும் இரவும் தமிழில் பேசக்கூடிய 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இவற்றைத் தொடங்கிவிட வேண்டும்.